வீட்டு ஆள் ஏறாத தோணி

அன்புள்ள மகன் ஏழுமலைக்கு,

உன் அக்கா முத்து சிறுமியாக இருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "நைனா, நீ எங்க இருந்த?" அவ்வளவுதான். கோபமாகக் கேட்கவில்லை, அழவும் இல்லை. பொன்னேரிச் சந்தைக்குப் போய்த் திரும்பியவனைப் பார்த்துச் சாதாரணமாக விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள். என் பள்ளிக் கொட்டகையில் எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஒல்லாந்தர் ஊரில் நண்டு உண்டா, கோட்டைப் பீரங்கிக்கு வயிறு வலிக்குமா, செத்த மீன் ஏன் கண்ணை மூடுவதில்லை என்றெல்லாம். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். முத்துவின் கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவள் மறுபடி அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் கரையில் தள்ளுகோல் சேற்றில் ஊன்றி ஒரு தோணி நகர்கிற சத்தம் வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது.

உன் கடிதம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து துணி ஏற்ற வந்த தோணியில் நேற்று வந்தது. கண் மங்கிவிட்டதால் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தேன். தம்பிப் பயல் அம்மையில் போனதிலிருந்து உன் மகள் செல்லி யாரோடும் பேசுவதில்லை, கட்டிலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள், போடுகிற சோற்றில் பாதியைக் கொட்டாங்கச்சியில் எடுத்து அங்கேயே வைத்துக்கொள்கிறாள், கட்டிலை நகர்த்தினால் கத்துகிறாள் என்று எழுதியிருக்கிறாய். கழிமுகத்துக்கு அக்கரையில் சித்தம் கலங்கியவர்களைத் தேற்றுவதில் பெயரெடுத்த வைத்தியர் ஒருவர் இருப்பதையும், பிள்ளையைக் கொண்டுவந்து தன்னிடம் விட்டுவிட வேண்டும், தான் சொல்லி அனுப்பும்வரை வீட்டார் யாரும் முகம் காட்டக் கூடாது என்று அவர் சொன்னதையும் எழுதியிருக்கிறாய். செல்லியின் தாய்மாமன் சம்மதித்துவிட்டார். அவள் அம்மா வள்ளி மட்டும் வாசலில் உட்கார்ந்துகொண்டு விடமாட்டேன் என்கிறாள். "அழுகிற அம்மாவை வைத்துக்கொண்டு வைத்தியம் நடக்குமா நைனா?" என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாள் ஒன்று குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். பஞ்சாங்கம் பரணில் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி. முடிந்தால் வள்ளிக்கும் படித்துக் காட்டு.

நான் சொல்லப்போவது நடந்தபோது நீ தூளியில் கிடந்தாய். வளர்ந்த பிறகு இந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அக்காவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று ஒருமுறை நீ கேட்டாய். அவளுக்கு இஷ்டமில்லை என்று உன் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதில் பொய் இல்லை, முழு விஷயமும் இல்லை.

அப்போது நம் ஊரான தோணிரேவில் எங்கள் வீட்டு நடப்பே எல்லோருக்கும் வேடிக்கை. உன் அம்மா விடிந்ததும் ஏரியில் இறங்கிவிடுவாள். பறிக்கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடுவாள். வெயில் சாய்கிறபோதுதான் கரையேறுவாள். எனக்குக் கடலுக்குப் போகிற உடம்பு இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு, மணலைப் பரப்பி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அதனால் உன்னையும் முத்துவையும் பகலெல்லாம் பார்த்துக்கொண்டவன் நான்தான். தலைவாரி விட்டது, கஞ்சி ஊற்றியது, உன் தூளியை ஆட்டிக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தது எல்லாம். உன் மாமா கோவிந்தன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது நின்று சிரிப்பார். "இன்னா வாத்தியாரே, இன்னிக்கு யாருக்குச் சடை போட்ட? பொண்ணுக்கா, இல்ல பொண்டாட்டிக்கா?" நானும் சிரிப்பேன். "உனக்குப் போடலாம்னு பாத்தா தலையில முடி இல்லியே மச்சான்" என்பேன். கேலி கேலியாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு ஒருநாள் நான் வாயைத் திறந்தபோது யாரும் காது கொடுக்காமல் போனதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வருஷப் புயலில் ஏரியும் கடலும் ஒன்றாகி ஊருக்குள் வந்தது. பொழுது புலர்ந்த நேரம். எல்லோரும் மணல்மேட்டைப் பார்த்து ஓடினோம். நான் உன்னைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். உன் அம்மா எங்களுக்கு முன்னால் போனாள். பின்னால் முத்து வந்தாள். பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்துக்கொண்டிருந்த வயது அவளுக்கு. அவள் வலது கையில் கோவிந்தன் மகன் குப்பனைப் பிடித்திருந்தாள். அவனுக்கு அவள் என்றால் உயிர். அவளைத் தவிர யார் கையையும் பிடித்து நடக்கமாட்டான். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது முத்து மட்டும் வந்துகொண்டிருந்தாள். கையை மூடியிருந்தாள். குப்பன் இல்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கையைத் திறக்கவில்லை. சாப்பிடவும் குளிக்கவும் தூங்கவும் இறுக்கிப் பொத்திய கையோடுதான். பேச்சும் குறைந்து குறைந்து நின்றுபோனது. முதலில் எல்லோரும் பாவப்பட்டார்கள். பிறகு ஏரியில் மீன்பாடு குறைந்தது, ஒரு தோணி முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அவள் குப்பனின் கையை இன்னும் பிடித்திருக்கிறாள், அதனால்தான் அவன் போகமுடியாமல் தண்ணீரிலேயே சுற்றுகிறான் என்றார்கள். மற்றவர்கள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கோவிந்தன் அதை நம்பிவிட்டார். ஒருநாள் என் கொட்டகைக்கு வந்து, பிள்ளைகள் முன்னாலேயே என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான், எம்புள்ளய உடச்சொல்லு மச்சான். அவன் குளுர்ல நிக்கிறான்" என்றார். பெற்ற பிள்ளையைக் கரைக்குக் கொண்டுவர முடியாத மனிதனைக் கைபிடித்து எழுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் உனக்கு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலாவது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. முத்து கொட்டகையில் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்காருவாள். நான் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது, அவள் முன்னால் இருக்கிற மணலில் ஏதாவது முளைத்திருக்கும். ஒரு நண்டு, ஒரு தோணி, பூநாரையின் நீளக் கால். பக்கத்தில் ஐந்து விரலும் பதிந்த தடம். கை திறந்திருக்கிறது! நான் சட்டென்று திரும்பினால் மூடிக்கொள்வாள். அதனால் திரும்பாமல் பாடம் நடத்தப் பழகினேன். நாளுக்கு நாள் மணலில் படங்கள் கூடின. இதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஊரே வந்து எட்டிப் பார்க்கும், அவள் மறுபடி மூடிக்கொள்வாள் என்று பயம். அதோடு, என் இடத்தில் மட்டும் திறக்கிறாள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

இரண்டாவது உன் அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. அவள் முதலில் முத்து அடம் பிடிக்கிறாள் என்று நினைத்து அடித்தும் இருக்கிறாள். பிறகு ஒருநாள் சோறு ஊட்டும்போது, மூடிய கையின் இடுக்கில் தன் சுண்டுவிரலை நுழைத்திருக்கிறாள். முத்து அதை இறுகப் பிடித்துக்கொண்டு, கேட்காமலே ஒரு வட்டில் சோற்றையும் தின்று முடித்தாளாம். அன்றிலிருந்து அப்படித்தான் ஊட்டியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. "வாத்தியாரு சிரிப்பாருன்னு இருந்துட்டேன்" என்று பிறகு சொன்னாள். ஒரே கூரை, ஒரே அடுப்பு. பாதி அவளிடம், பாதி என்னிடம்.

ஏரி நடுவில் இருந்த தீவிலிருந்து ஒரு வைத்தியரைக் கோவிந்தன் அழைத்துவந்தார். வலை உலர்த்துகிற இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளைக்குக் காது குத்துவதானாலும் மொட்டை அடிப்பதானாலும் மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன்தான். அதனால் வைத்தியர் கேட்டதற்கெல்லாம் கோவிந்தனே பதில் சொன்னார். வைத்தியர் நிதானமானவர், நல்ல கேள்விகளாகத்தான் கேட்டார். எப்போதிலிருந்து, தூங்குகிறாளா, யாரைக் கண்டால் பயப்படுகிறாள் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "கைய எப்பவாச்சும் தொறக்குதா?" என்றார்.

"இல்ல சாமி. ஒரு தபா கூட இல்ல" என்றார் கோவிந்தன்.

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "அது... கொட்டாயில, மணல்ல..." என்று எழுந்தேன். பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "வாத்தியாரே, மாமன்காரன் பேசினு இருக்கறப்போ உனக்கு இன்னா? நீ போயி சடை போடு" என்றார். சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். அதே நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து உன் அம்மா குரல் வந்தது. "அவ துன்றப்போ என் வெரல..." யாரோ ஒருத்தி, "சும்மா கெட, சபையில பொம்பள பேசறதா" என்று அடக்கினாள். வைத்தியர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். என்ன என்று கேட்பார் என்று நினைத்தேன். அதற்குள் கோவிந்தன், "அம்மாக்காரி இல்லியா, அழுவுது சாமி" என்றார். வைத்தியரும் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அந்த வைத்தியரை நான் இன்றும் திட்டுவதில்லை. ஒருநாளும் திறக்காத கை என்று அவரிடம் சொன்னார்கள். அவர் ஒருநாளும் திறக்காத கைக்கு வைத்தியம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தானே திறந்துகொண்டிருந்த கை ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி வேலிக்கு வெளியே நின்றாள். மற்றவன் சிரிப்புக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டான். மாடு பால் கொடுக்கவில்லை என்று கூப்பிட்டால்கூட, மாட்டு வைத்தியர் கொட்டிலுக்குள் வந்ததும் கேட்பது என்ன? "பால் கறக்கறது யாரு? அவங்கள வரச்சொல்லு." மாட்டுக்குச் செய்வதை நாங்கள் எங்கள் மகளுக்குச் செய்யவில்லை.

முத்துவைத் தன் தீவில் வைத்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்றார் வைத்தியர். அவள் தோணி ஏறுகிற அன்று நானும் கூடப் போகிறேன் என்றேன். கூடாது என்றார்கள். பிள்ளையைப் பிடித்ததை ஏரித் தீவுக்குக் கொண்டுபோய் இறக்கும்போது வீட்டு ஆள் தோணியில் ஏறினால், அது அவன் பின்னாலேயே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. தாய்மாமன் வேறு வீட்டு ஆள் என்பதால் அவர் மட்டும் போகலாம். கரையில் நின்று பார்க்கவும் கூடாது. முத்துவைத் தோணியில் உட்கார வைத்ததும் நானும் உன் அம்மாவும் திரும்பி நடக்க வேண்டும், பின்னால் பார்க்கக் கூடாது. சுடுகாட்டிலிருந்து அப்படித்தான் நடந்து வருவோம். அதை நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். தள்ளுகோல் சேற்றில் இறங்குகிற சத்தம், பிடுங்குகிற சத்தம், பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம். அவள் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் கூப்பிடவில்லை.

மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்தபோது கோவிந்தன் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார். கை திறந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு கட்டிய தடம் கறுத்திருந்தது. பேசினாள். ஊருக்கெல்லாம் சந்தோஷம். கோவிந்தன் அழுதுகொண்டே, "எம்புள்ள போயிட்டான் மச்சான், நல்லபடியா போயிட்டான்" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அவருக்கு அந்த ஆறுதல் கிடைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். உன் அம்மா இறால் வறுத்தாள். முத்து தன் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டாள். உன் அம்மா சுண்டுவிரலை நீட்டியபோது அதைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. சாப்பிட்டதும் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து என் கையை நீட்டினேன். அவள் தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். நீ எங்க இருந்த?

அது வெறும் கேள்வி இல்லை என்று எனக்குப் பல வருஷம் தெரியாது. கோவிந்தன் வயதாகி வலைக்குப் போவதை நிறுத்திய பிறகு, ஒருநாள் கூடையில் நான்கு மடவை மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் உட்கார்ந்திருந்தார். "மச்சான், ஒண்ணு சொல்லணும். தோணில போவறப்போ அது ஒரே ஒரு வார்த்த கேட்டுச்சு. நைனா வருதான்னு. அழுவக்கூடாதேன்னு, பின்னாலயே வேற தோணில வராருன்னு சொல்லிட்டேன். தீவு வர்ற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துகினே வந்துச்சு. அங்க இருந்த நாளெல்லாம் கரையிலயே போயி நிக்குமாம். எந்தத் தோணி வந்தாலும் எழுந்து நிக்குமாம்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அந்த மீனைச் சமைக்கக் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

இப்போது உனக்குப் புரியும். முத்துவுக்குப் பழவேற்காட்டிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. ஒருநாள் என்னிடம், "கையப் புடிக்காம தாலி மட்டும் கட்டிட்டுப் போவட்டுமே, ஆவாதா நைனா?" என்றாள். அது எப்படி முடியும் என்று நாங்கள் விழித்ததைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். "அப்ப வாணாம் உடு. ஒரு ஆளு சாப்பாடு மிச்சம்" என்றாள். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், ஏழுமலை. வலை முடைகிறாள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறாள், என்னைக் கிண்டல் செய்கிறாள். ஆனால் தீவிலிருந்து வந்த பிறகு தோணியில் ஏறியதில்லை. யார் கையையும் பிடித்ததில்லை. கரையில் வேலை செய்யும்போது, தோணி ஒன்று வந்தால், பேசிக்கொண்டிருக்கிற பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறாள். யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். அவள் அறியாமல் செய்கிறாள். நான்தான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

நீ கெட்டிக்காரன். கும்பினிக் கிடங்கில் ஆயிரம் பேரோடு பழகுகிறவன். இதெல்லாம் வேறு, என் மகள் விஷயம் வேறு என்று நினைப்பாய். இருக்கலாம். அந்த அக்கரை வைத்தியர் உண்மையிலேயே கைராசிக்காரராக இருக்கலாம். அவரிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் மனசு கலங்கினால் தெரிந்தவரிடம் காட்டத்தான் வேண்டும். வீட்டுக்குள்ளேயே மூடி வைப்பது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் அவருக்கு முன்னால் யார் உட்காரப்போகிறார்கள், யார் பேசப்போகிறார்கள் என்பதைப் பார். வள்ளி அழுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். எதற்கு என்று கேட்டாயா? தாய் அழுதால் உடனே அதை துடைத்துவிட வேண்டிய ஈரம் என்று எண்ணிவிடுகிறோம். அதற்குள் ஒரு செய்தி இருக்கும். இல்லாமலும் போகலாம். உன் அம்மாவும் முதலில் தப்பாகத்தான் நினைத்தாள். அதனால்தான் ஒருத்தர் சொல்வது மட்டும் போதாது என்கிறேன். வள்ளி சொல்லட்டும், நீ சொல்லு, தாய்மாமனும் சொல்லட்டும், செல்லியைக் குளிப்பாட்டுகிறவள் யாராவது இருந்தால் அவளும் சொல்லட்டும். எல்லாவற்றையும் வைத்தியர் காதில் போடு. நல்ல வைத்தியர் இன்னும் சொல்லுங்கள் என்பார். எனக்கு இதெல்லாம் வேண்டாம், பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்றால் வேறு வைத்தியரைத் தேடு.

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இருந்தான். தூறல் விழுந்தால் போதும், எழுந்து ஓடிவிடுவான். அடித்தேன், வெயிலில் நிறுத்தினேன், பயனில்லை. அவன் அக்காள் ஒருநாள் வேறு எதற்கோ வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாள். "மணல்ல காயப்போட்ட கருவாடு நனைஞ்சிடுச்சுன்னு எங்க நைனா இவன ஒருநாளு பின்னிட்டாரு, அதிலேருந்து இப்டித்தான்." அவள் வீடு கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம். நான் போய்க் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பிறகு தூறல் விழுந்தால் நானே, "போடா, போயி கருவாட்ட வாரிட்டு வா" என்பேன். வாரிவிட்டு வந்து உட்காருவான். கொஞ்ச நாளில் ஓடுவது நின்றுவிட்டது.

நேற்று உன் கடிதத்தைப் படித்தபோது முத்து பக்கத்தில் வலை முடைந்துகொண்டிருந்தாள். கொட்டாங்கச்சியில் சோறு என்ற இடம் வந்ததும் அவள் கை நின்றது. "அந்தச் சோத்த அப்புறம் யாரு எடுத்துப் போடுறாங்க நைனா?" என்றாள். கடிதத்தில் இல்லை என்றேன். "எடுக்கறப்போ அவகிட்ட கேட்டுட்டு எடுக்கறாங்களா, கேக்காமலா?" என்றாள். அதுவும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் முடைந்தாள். பிறகு, "எழுதறப்போ ஒண்ணு எழுது. எவ்ளோ அழுதாலும் அழட்டும், வராத ஆள வராருன்னு மட்டும் சொல்லக் கூடாது. வரேன்னு சொன்னா வரணும்" என்றாள். நான் தலையாட்டினேன். கோவிந்தன் என்னிடம் சொன்னதை நான் அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

ஆகவே செல்லி அக்கரைக்குப் போவதானால் அவளோடு வீட்டு ஆள் ஒருவர் தோணியில் ஏற வேண்டும். அவள் அங்கே இருக்கும் நாளெல்லாம் அவரும் அங்கே இருக்க வேண்டும். அது யார் என்பதை நீ முடிவு செய்யாதே, தாய்மாமனும் முடிவு செய்ய வேண்டாம். பிடித்தது வீட்டுக்குத் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால், வரட்டும் என்று சொல். பிள்ளை தனியாக அதைச் சுமப்பதைவிட அது நம் வீட்டில் எல்லோரோடும் இருந்துவிட்டுப் போகட்டும்.

காற்று கிளம்பிவிட்டது, தாள் பறக்கிறது. முத்து எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்து, தாளின் ஓரத்தைத் தன் வலது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விரல்கள் விரிந்திருக்கின்றன. என் கை அவள் விரலில் பட்டுவிடாமல் சுற்றிச் சுற்றி எழுதுகிறேன். அதனால்தான் இந்த வரிகள் கோணலாக இருக்கின்றன. எழுத்து சரியில்லை என்று நினைக்காதே.

நல்ல நாள் எதுவும் குறிக்கவில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே ஒன்று செய்து பார். வள்ளியையும் கூட்டிக்கொண்டு, கட்டிலை நகர்த்தாமல், அதன் அடியில் செல்லிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார். "வைத்தியர்கிட்டப் போறப்போ உன் பக்கத்துல யாரு இருக்கணும்?" என்று கேள். அவள் வாயால் சொல்லாவிட்டால் விரலால் காட்டட்டும். பதில் வரும்வரை எழுந்திருக்காதே.

உன் நைனா